அம்மா பெயர் எழுதிய டப்பா

எங்கள் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் பெண்களில் ஒருத்தி என் அம்மா என்பது லேப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் மறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவர்களை அழைத்துப்போய்க் காட்டினேன். ஆனால் அதன் பிறகு யாராவது தட்டில் ஒட்டியிருக்கும் பருக்கையைப் பார்த்து முகம் சுளித்தால், என்னைப் பார்த்துச் சுளிப்பதாகவே எனக்குத் தோன்றும். யார் எந்தத் தட்டை மாற்றிக்கொள்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயின்ட் தயாரிக்கும் கம்பெனி அது. அம்மா அங்கே எட்டு வருடமாக இருந்தாள். நான் தரக்கட்டுப்பாட்டு லேப்பில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வரை போனேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. என் வேலை முழுக்க மாதிரிகளோடுதான். எந்த டிரம்மில் எடுத்தது, எந்த ஷிப்ட், யார் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு பாட்டிலிலும் லேபிள் இருக்க வேண்டும். பாட்டிலுக்குள் இருப்பதும் லேபிளில் இருப்பதும் ஒன்றுதானா என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு டிரம்மின் மாதிரியை இன்னொன்றின் பெயரில் வைப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம் என்று பயிற்சிக்கு வந்தவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

கேன்டீனில் கழுவும் இடம் வேறு, சமைக்கும் இடம் வேறு. கழுவும் பெண்களுக்குக் கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெடித்திருக்கும். கம்பெனி கொடுத்த கம்பூட்ஸ் ஆண்கள் அளவு. அதைப் போட்டால் வழுக்குகிறது என்று வெறுங்காலோடு தேங்கிய தண்ணீரில் நிற்பார்கள். அந்த மாதம் சமையல் பக்கத்தில் ஓர் இடம் காலியானது. அடுத்த ஆள் நீங்கள்தான் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் எப்போதோ சொல்லியிருந்தார். எட்டு வருடமாக அம்மா காத்திருந்தது அந்த இடத்துக்குத்தான். அவளுக்கு அடுத்த வரிசையில் இருந்தவள், நான் பெரியம்மா என்று கூப்பிடும் பெண். எங்களுக்கு உறவில்லை. அம்மாவும் அவளும் கவரைப்பேட்டையிலிருந்து எட்டு வருடமாக ஒரே ஷேர் ஆட்டோவில் போய் வருபவர்கள், அவ்வளவுதான்.

இடம் மாறுவதற்கு மருத்துவச் சான்று வேண்டும். கேன்டீன் பெண்களுக்கு வருடத்தில் இரண்டு முறை எப்படியும் பரிசோதனை உண்டு. ரத்தம் எடுப்பார்கள், நகம் பார்ப்பார்கள், கடைசியில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து மோஷன் டெஸ்டுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். வயிற்றில் பூச்சி இருப்பவர் சாப்பாட்டைத் தொடக்கூடாது. இந்த டப்பா விஷயத்தில் பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. தன்னுடையதை யாரும் கொண்டுவர மாட்டார்கள். வீட்டில் யார் வயிறு சுத்தம் என்று நம்புகிறார்களோ அவர்களுடையதைக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் கைக்குழந்தையுடையது, பால் மட்டும் குடிக்கிற வயிற்றில் பூச்சி எங்கிருந்து வரும் என்பது அவர்கள் நியாயம். போன தடவை ஐந்து டப்பாக்கள் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்திருக்கின்றன. டெஸ்ட் செய்யும் பஜார் லேப்பிலிருந்து சூப்பர்வைசருக்கு போன் வந்ததாம்: "உங்க கேன்டீன்ல அம்பது வயசுக்காரங்கல்லாம் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாங்களா சார்?"

அதிலிருந்து சூப்பர்வைசருக்கு எல்லா டப்பா மேலும் சந்தேகம். இந்த முறை பிடிபட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

"அப்பவும் பக்கத்து ஊட்டு கொழந்தைய தேடிக்கினுதான் கீறாளுங்க," என்று அம்மா வீட்டில் சிரித்தாள். "நான் என்னோடதத்தான் குடுக்கப்போறேன்."

"நெஜமாவா?"

"பின்ன, கடையில வாங்கியா குடுக்க முடியும்? என் வவுத்த நானே நம்பலன்னா எவ நம்புவா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சில மாதங்களாகவே அம்மா வெளுத்துப்போயிருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதைவிட, அவள் பச்சரிசி மெல்லுவதை நான் பார்த்திருந்தேன். முந்தானையில் ஒரு பிடி முடிந்துவைத்துக்கொண்டு, நான் பார்க்காத நேரத்தில் வாயில் போட்டுக்கொள்வாள். கேட்டால், "சும்மா, வாய் நமநமன்னு கீது," என்பாள். போனில் தேடிப் பார்த்தேன். சோர்வு, வெளுப்பு, அரிசி மெல்லும் ஆசை எல்லாவற்றுக்கும் அடியில் புழு என்று போட்டிருந்தது. ரத்தச் சோகை என்றும் போட்டிருந்தது. அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

அதன் பிறகு அவளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாளா, கொதிக்கவைத்த தண்ணீரைக் குடிக்கிறாளா, குழாயடிக்கு வெறுங்காலோடு போகிறாளா என்று பார்ப்பேன். குளியலறையிலிருந்து அவள் வந்ததும் சோப்பைத் தொட்டுப் பார்ப்பேன், ஈரமாக இருக்கிறதா என்று. இருந்தது. அப்படியும் எனக்குத் திருப்தி இல்லை. தண்ணீரை மட்டும் விட்டு நனைத்துவிட்டு வருகிறாளோ என்று நினைத்தேன்.

டப்பா கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அம்மா ஐந்தரை மணி ஷேர் ஆட்டோவில் போய்விடுவாள். பஜார் லேப் ஏழு மணிக்குத்தான் திறக்கும். நான் ரயிலில் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அதைக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ் ஏறுவதாக ஏற்பாடு. அம்மா டப்பாவைக் கறுப்பு கவரில் சுற்றி, குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் அதைத் திறக்கவில்லை. மெடிக்கல் கடையில் முந்தின நாளே இன்னொரு டப்பா வாங்கி என் பையில் வைத்திருந்தேன். இதை அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செருப்பில்லாமல் வாசலைத் தாண்டாதவள் நான். என் தண்ணீர் பாட்டிலில் யாரையும் வாய்வைக்க விடமாட்டேன். நகத்தை வாரம் இரண்டு முறை வெட்டுவேன். என் வயிற்றை விடச் சுத்தமான வயிறு எங்கள் தெருவில் இருக்க முடியாது என்று நினைத்தேன். அம்மாவுடையதைக் கவரோடு குப்பையில் போட்டுவிட்டு, புது டப்பாவில் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். லேபிளில் அம்மாவின் பெயர், வயது, தேதி, நேரம் எல்லாவற்றையும் என் லேப் கையெழுத்தில் எழுதினேன்.

பஜார் லேப்பில் இருந்த பெண் டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தாள். "யாரும் இவ்ளோ தெளிவா எழுதிக் குடுத்ததே இல்லம்மா," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பெரியம்மா பஜார் லேப்புக்குப் போய் எல்லோருடைய ரிப்போர்ட்டுகளையும் வாங்கி வந்து சூப்பர்வைசரிடம் கொடுத்தாள். பதினோரு கவர்களில் பத்து சுத்தம். அம்மா பெயர் போட்டதில் உருண்டைப்புழு முட்டைகள் காணப்பட்டன என்று இருந்தது.

சூப்பர்வைசர் அதைக் கழுவும் இடத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் படித்தார். அம்மா உடனே கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. மாத்திரை போட்டு, மறுபடி டெஸ்ட் எடுத்துச் சுத்தம் என்று வரும்வரை வெளியே குடோன் பக்கம் பெருக்கட்டும் என்றார். சமையல் இடம் பெரியம்மாவுக்குப் போனது. அன்று மதியம் நான் சாப்பிடப் போனபோது, தட்டுகளை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர். அவர்கள் எப்போதுமே அப்படிச் செய்வார்களா என்று எனக்கு நினைவில்லை.

எனக்கு முதலில் வந்தது பஜார் லேப் மேல் சந்தேகம். டப்பாக்களை மாற்றியிருப்பார்கள். கண்ணாடித் துண்டைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள். என் லேப்பில் இப்படி நடக்கவே நடக்காது என்று மனதுக்குள் அவர்களைத் திட்டினேன். என் வயிற்றைப் பற்றி மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அம்மாவின் சந்தேகம் வேறு பக்கம் போனது.

"ரிப்போர்ட்ட வாங்கியாந்தது யாரு? அவதான. இப்ப அடுப்பாண்ட நிக்கிறது யாரு? அவதான," என்றாள்.

"ம்மா, பெரியம்மாவுக்கு அப்படியெல்லாம் செய்யத் தெரியாது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்னு இரு."

மறுநாள் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டே விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து என்னிடம் நடித்துக் காட்டினாள்.

"'என் பேர எடுத்து உன் ரிப்போர்ட்ல ஒட்டிக்கினு வந்தியா'ன்னு உங்கம்மா கேக்குறா. அதுக்கு அவ சொல்றா, 'எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சா உன்கூட ஏன்டி எட்டு வருசமா எச்சித் தட்டு கழுவுறேன்'னு. ஆட்டோக்காரன் சிரிச்சிட்டான்."

அன்றிலிருந்து இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனார்கள், பேசாமல். பெரியம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில், அம்மா பின்னால்.

நான் பொன்னேரிக்குப் போனேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு லேப்பில் என் பெயரில், என்னுடையதைக் கொடுத்தேன். பஜார் லேப் தப்பு என்று நிரூபிக்கத்தான் போனேன். மறுநாள் மாலை ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, கவரை நிமிர்த்திப் பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான். திரும்பவும் உள்ளே போய், "இது வேற யாரோடதோ," என்றேன்.

அங்கிருந்த வயதான டெக்னீஷியன் என் முகத்தைப் பார்த்தார். "எல்லாரும் அதாம்மா சொல்றாங்க. வா, நீயே பாரு," என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் மேடு பள்ளமாக, வட்டமாக ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. தினமும் மைக்ராஸ்கோப்பில் பெயின்ட் துகள்களைப் பார்க்கிற கண்தான். உடனே கண்ணை எடுத்துவிட்டேன்.

"பச்சையா எதுனா சாப்புடுவியா?"

சாப்பிடுவேன். ஒரு வருடமாக என் காலை உணவே அதுதான். வெள்ளரி, கேரட், பச்சைக் கொத்தமல்லி அரைத்த சாறு. எண்ணெயில் பொரித்ததைத் தின்னும் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தனித் தட்டு. ஆரோக்கியம் என்றால் என்ன என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே தின்பேன்.

"மண்ணுல இருக்குற முட்டைம்மா அது. சாக்கடைத் தண்ணி பாயுற கீரை, காய்ல ஒட்டிக்கினு வரும். ஒரு தண்ணியில அலசினா போவாது. உள்ள போய்ட்டா ஒரு ஜாண் புழுவா வளரும். பயப்படாத, ஒரு மாத்திரையில போய்டும்," என்றார்.

அதிலிருந்துதான் வந்தது என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு எதிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் ரயிலில் திரும்பும்போது, எனக்குள் ஒரு ஜாண் நீளத்துக்கு ஒன்று நகர்வதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம், அந்த வீட்டில் போய் இவள் யோக்கியதையைச் சொன்னால் என்ன ஆகும் என்றாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"ம்மா. அந்த டப்பாவுல இருந்தது உன்னோடது இல்ல. என்னோடது."

அம்மா உரித்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு எறாவை உரித்துப் போட்டாள்.

"என்னோடத இன்னா பண்ண?"

"குப்பையில போட்டுட்டேன்."

"தொறந்து பாத்தியா?"

"இல்ல."

"பாக்காமலே போட்டுட்ட."

"உனக்குப் பூச்சி இருக்கும்னு நெனச்சேன். வேலை போயிடக்கூடாதுன்னுதான்…"

"எனக்கு இருக்கும். உனக்கு இருக்காது," என்றாள். சத்தமே போடவில்லை. "நீ குடிக்கிற தண்ணிய காச்சுறது யாரு? அந்த வெள்ளைக் கோட்ட தொவைக்கிறது யாரு? அந்தக் கை அழுக்குனு உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சோப்புப் போட்டுத்தான் கழுவினாள். நான் பார்க்கவேண்டும் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கழுவினாள்.

"நாளைக்கு கேன்டீனுக்கு வா. அவ முன்னாடி சொல்லு. சூப்பர்வைசருகிட்டயும் சொல்லு," என்றாள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு போனேன். சூப்பர்வைசர் பொதட்டூர்பேட்டைக்காரர், என்னை விட நாலைந்து வயதுதான் பெரியவர். எப்போதும் என்னை மேடம் என்று கூப்பிடுவார். பெரியம்மா அடுப்பருகே அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். பொன்னேரி ரிப்போர்ட்டையும் நீட்டினேன்.

அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மேடம், அம்மா மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் படிச்ச நீங்களே இப்படி வந்து நிக்கலாமா?"

"நான் சொல்றது உண்மை."

"இது உங்க ரிப்போர்ட். உங்களுக்கு இருக்குன்றதால அவங்களுக்கு இல்லன்னு எப்படி ஆவும்? ஒரே ஊடு, ஒரே சோறு. ரெண்டு பேருக்கும் இருக்கலாம் இல்ல?"

அவர் சொன்னது சரி. என் லேப்பில் யாராவது இப்படி ஒரு கதையோடு வந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். இரண்டு வருடமாக என் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு அந்த ஒரு லேபிளோடு போய்விட்டது போல நின்றேன்.

பெரியம்மா அண்டாவை விட்டுவிட்டு வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் சூப்பர்வைசரிடம் பேசினாள்.

"சார், நாளைக்கு காலையில இங்கயே குடுக்கட்டும். கக்கூஸ் வாசல்ல நான் நிக்கிறேன். நானே எடுத்துக்கினு போறேன். இந்தப் பாப்பா கையில மட்டும் குடுக்காதீங்க."

"நீங்க எடுத்துக்கினு போனா அவங்க ஒத்துக்குவாங்களா?" என்று சூப்பர்வைசர் அம்மாவைக் காட்டினார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"எடுத்துக்கினு போவட்டும்," என்றாள் அம்மா.

மறுநாள் பெரியம்மா சொன்னபடி வாசலில் நின்றாள். உள்ளே போகும் முன் அம்மாவின் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னாளாம், வேறு டப்பா மறைத்திருக்கிறாளா என்று. ஒரு பிடி பச்சரிசி கொட்டியதாம். பெண்கள் சிரித்திருக்கிறார்கள், அம்மாவும் சிரித்துவிட்டாளாம்.

நான் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கு ஓடினேன். டப்பாவோடு பெரியம்மா பஜாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சுத்தம் என்று வந்தால் அடுப்பு இடம் அவள் கையைவிட்டுப் போய்விடும். வழியில் ஒரு துளி சாக்கடைத் தண்ணீரைக் கலந்துவிட்டால் போதும். அவள் ஏறிய ஷேர் ஆட்டோவில் நானும் ஏறினேன். பஜாரில் இறங்கி, பத்தடி பின்னால் நடந்தேன். அவள் பை ஒருமுறை தோள் மாறியது. நான் நடையை எட்டிப் போட்டேன்.

அவள் நின்று திரும்பினாள்.

"இன்னா பாப்பா, பின்னாடியே வர?"

"எனக்கும் பஜார்ல ஒரு வேலை."

"பயப்படாத. உன்ன மாதிரி மாத்தி வெக்கிற அளவுக்கு நான் படிக்கல."

அதற்கு மேல் நான் நடக்கவில்லை. பழக்கடை ஓரத்தில் நின்று, அவள் லேப் படியேறி, வெறுங்கையோடு இறங்கி வருவதைப் பார்த்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் அம்மாவின் ரிப்போர்ட் வந்தது. சூப்பர்வைசரே நேரில் போய் வாங்கிவந்தார். பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சத்து குறைவு, அதனால்தான் அரிசி மெல்லுகிறாள் என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். எனக்குப் பூச்சி மாத்திரை. முன்பு சொன்ன வார்த்தைப்படி அடுப்பு இடம் அம்மாவுக்கே வந்தது. பெரியம்மா மறுபடி கழுவும் இடத்துக்குப் போனாள். அம்மா அவளிடம் போய், தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். "நீ பேசினது எனக்குப் பெருசில்ல, ஊரு சிரிச்சிச்சே, அதுக்கு இன்னா பண்ணுவ," என்று பெரியம்மா கேட்டாளாம். ஆட்டோவில் இப்போதும் முன்னால்தான் உட்காருகிறாள். என்னிடம் பேசுவதில்லை. அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மாத்திரையை நான் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். லேப்பில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று அட்டையைக் கிழித்துவிட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா கேட்டாள், போட்டுவிட்டாயா என்று. போட்டுவிட்டேன் என்றேன். அவள் எழுந்து போய் என் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவள் என் பையைத் தொட்டது அதுதான் முதல் முறை. காகிதத்தைப் பிரித்து மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"என் எதுர்ல மெல்லு."

மென்றேன்.

"முழுங்கிட்டியா?"

"ஆங்."

"வாயத் தொற."

திறந்தேன். அம்மா போன் வெளிச்சத்தைப் போட்டு, "நாக்கத் தூக்கு," என்றாள். தூக்கினேன். அவள் குனிந்து நாக்கின் அடியில், இரண்டு பக்கக் கன்னத்தின் உள்ளே, அவசரப்படாமல் பார்த்தாள்.